அசையாத படங்கள்

வாஷிங் மெஷினுக்கு உதவிப் பக்கங்கள் எழுதுகிறவளுக்கு அன்று தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருடம் கைக்குப் பழகிய ‘ஏடு’ என்கிற மென்பொருளை, எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் மேலாளர் காலையில்தான் வழித்துத் துடைத்திருந்தார். புதிதாக வாங்கியதிலோ, குழாயைப் பற்றி எழுதினால் குழாய்ப் படம் அடுத்த பக்கத்துக்கு ஓடியது.

“சார், ஏடே தேவலை. இது உயிரை வாங்குது.”

“உங்களுக்குப் பொறுமை இல்லம்மா. இதை வித்தவங்களோட உதவிப் பக்கங்களைப் பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம்! அதைப் பார்த்துத்தானே வாங்கினேன். ஒரு படமாவது நகர்ந்திருக்கா?”

நகரவில்லைதான். அதுதான் அவள் வயிற்றெரிச்சலே.

மாலையில் பொறுக்க மாட்டாமல் விற்றவர்களுக்கே போன் போட்டாள். மேலாளர் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, “நல்லாக் கேட்டுக்குங்க” என்றார்.

“ஏங்க, உங்க உதவிப் பக்கத்துல மட்டும் படம் எப்படி ஆணி அடிச்ச மாதிரி நிக்குது? அந்த வித்தையை எங்களுக்கும் சொல்லுங்களேன்.”

மறுமுனை குரலைத் தாழ்த்தியது.

“மேடம், வெளியில சொல்லிடாதீங்க. அதெல்லாம் நாங்க ஏடு சாஃப்ட்வேர்ல எழுதினது.”