அந்தரத்தில் ஒரு பீரோ

லிஃப்ட் வைத்த பிறகு மாடிப்படி குறுகிவிட்டது. பீரோவை அறுத்துத்தான் இறக்க முடியும் என்று வீடு காலி செய்து தரும் நகரத்துக் கம்பெனிக்காரர்கள் டேப் வைத்து அளந்து சொல்லிவிட்டுப் போனார்கள். தெருமுனையிலிருந்து சுமைதூக்கும் ஆட்களோடு வந்த இஞ்ஞாசி எதையும் அளக்கவில்லை. பீரோவைத் தோளால் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். "பால்கனி வழியா இறக்கிருவோம் தாயி. படகு எஞ்சினே இறக்குற கை இது" என்றார். மொட்டை மாடியில் நான்கு பேர் படகுக் கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். பீரோ பால்கனியைத் தாண்டி அந்தரத்தில் தொங்கியது. சுவரில் உரசாமலிருக்க, கீழே தெருவில் நின்ற ஓர் ஆள் இன்னொரு கயிற்றால் அதை வெளியே இழுத்தார். அது மெல்லத் திரும்பியது. அதன் கதவிலிருந்த ஆளுயரக் கண்ணாடியில், இத்தனை காலம் பக்கத்துக் கட்டடம் மறைத்திருந்த கடல் வந்து நின்றது.

"நிறுத்துங்க" என்றாள் பால்கனியில் நின்ற செண்பகம்.

"எங்கயும் இடிக்கலையே தாயி."

"இல்ல. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

இஞ்ஞாசி கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மேலே நிமிர்ந்து, "ஏலே, அப்படியே புடிங்க" என்றார். கயிறு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

பால்கனியில் நின்றால் கடல் தெரியும் என்று மதுரையிலிருக்கும் அக்காவிடம் பதினோரு வருடங்களுக்கு முன்பு சொல்லியிருந்தாள். அந்த ஒரு பொய்க்காகவே அக்காவை இந்த வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. இப்போது வீடியோவில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கட்டும் தாயி, அவசரமில்ல" என்றார் இஞ்ஞாசி. "நாங்க புடிச்சிருக்கோம்."