மூன்று கோப்பை மோக்கா

"யாருப்பா அவ?"

தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் நின்று கேட்டாள் நுன்சியா. அடுப்புக்கு முன்னால் நின்றிருந்த கத்தெல்லோ திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ?"

"இந்த மோக்காவுல யாருக்குக் காபி போடுறியோ, அவ."

தன் கல்யாணத்துக்காக அப்பாவுக்குத் தைத்த கோட்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று காலை எட்டு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். வந்த இடத்தில் அடுப்பின் மேல் சின்னத் தீயில் உட்கார்ந்திருந்தது, மூன்று கோப்பைக் காபி காய்ச்சும் மோக்காப் பாத்திரம். அவளுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அம்மா கோபித்துக்கொண்டு சலேர்னோவில் சித்தி வீட்டுக்குப் போனதிலிருந்து, அப்பா புழங்குவது ஒரு கோப்பைக்கான சின்ன மோக்காதான். பெரிய மோக்காவில் பாதித் தண்ணீர், பாதித் தூள் போட்டு ஓர் ஆளுக்குக் காபி காய்ச்சும் அளவுக்குக் காஸ்தெல்லமாரே ஊரில் யாரும் இன்னும் கெட்டுப்போகவில்லை. அப்படிக் காய்ச்சினால் அதற்குப் பெயர் கசாயம்.

"சின்னதுல கேஸ்கட் போயிருச்சு," என்றார் கத்தெல்லோ.

நுன்சியா அலமாரியைத் திறந்து, சின்ன மோக்காவை எடுத்துத் திருகிப் பார்த்தாள். கேஸ்கட் புத்தம் புதிதாக இருந்தது.

"கப்பல் பட்டறையில முப்பது வருஷம் வெல்டிங் வச்ச ஆளு நீ. ஒரு பொய்யை ஒழுங்கா ஒட்டத் தெரியலையே."

"உக்காரும்மா. காபி குடி."

"மேஜையில ரெண்டு கோப்பை இருக்கு. ஒண்ணுல சர்க்கரை. உனக்குச் சர்க்கரை வியாதி. நான் கல்யாண கவுனுக்குள்ள நுழையணும்னு ரெண்டு மாசமா சர்க்கரையைக் கண்ணாலயும் பாக்கல. அப்ப இது யாருக்கு?"

அதற்குள் காபி மேலேறி மோக்காவின் மேல் பாத்திரத்தில் ஊற ஆரம்பித்திருந்தது. கெட்டியான முதல் சொட்டுகளைக் கத்தெல்லோ சர்க்கரையில் விட்டு, ஸ்பூனால் அடிக்கத் தொடங்கினார். தேன் நிறத்தில் நுரை பொங்கும்வரை விடாமல் அடித்தார்.

"அம்மாவுக்கு ஒருநாளாவது இப்படி அடிச்சுக் குடுத்திருக்கியா?"

"குடுத்ததில்ல," என்றார் அவர், தலையைக் குனிந்தபடி. "எனக்கு இப்பதான் புத்தி வந்துச்சு."

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இன்னும் பத்து நாள்ல கல்யாணம்ப்பா. அம்மா என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா? 'உங்கப்பா எவளையாவது கூட்டிக்கிட்டு சர்ச் வாசல்ல வந்து நின்னா, நான் அப்படியே திரும்பிப் போயிருவேன்'னு சொன்னா. நீங்க ரெண்டு பேரும் என் கல்யாணத்துல ஒரே போட்டோவுல நிக்கணும். நான் வேற என்ன கேட்டேன் உன்கிட்ட?"

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கத்தெல்லோ பதறிப்போய், கையில் கிடைத்த அடுப்படித் துணியை நீட்டினார். அதில் காபிக் கறை. அவள் வாங்கவில்லை.

"எத்தனை நாளா நடக்குது?"

"ஈஸ்டர் முடிஞ்சதுலேர்ந்து."

"சின்னப் பொண்ணா?"

"சேச்சே. என்னைவிட ரெண்டு வயசுதான் குறைச்சல். நல்லவதான்மா. கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

"அம்மா மாதிரி நெத்திலி பொரிப்பாளா?"

"அச்சு அசல் அதே மாதிரி."

"கேட்டா அம்மாவுக்கு இன்னும் எரியும்." நுன்சியா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, கல்யாணத்துக்கு வர்றாளா?"

"வராம இருப்பாளா?"

"அப்ப அம்மா வரமாட்டா."

"வருவா கண்ணு. நீ ஏன் கவலைப்படுற?"

"அவ பேரையாவது சொல்லு."

கத்தெல்லோ வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "நான் எதையும் உளறக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. அவளே உங்கிட்ட நேர்ல சொல்லுவாளாம்."

"உன் வாயையே மூட வச்சுட்டாளா? கட்டின பொண்டாட்டியால இருபது வருஷம் முடியாததை மூணே மாசத்துல முடிச்சுட்டாளே. கெட்டிக்காரிதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொள்ளப் பார்த்தும் தோள் குலுங்கியது. அந்தச் சிரிப்புதான் நுன்சியாவை உசுப்பிவிட்டது. பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றார் கத்தெல்லோ. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அம்மாவுக்கு. மாடி வீட்டுக்காரி பால்கனியிலேர்ந்து எல்லாத்தையும் பாத்திருப்பா. ஊரே கூடிச் சொல்றதுக்கு முன்னாடி அம்மா என் வாயால கேக்கட்டும். அழுது, கெஞ்சி, கால்ல விழுந்தாவது அவளைக் கல்யாணத்துக்கு வர வைக்கிறேன்."

"இப்ப வேணாம் நுன்சியா. சாயங்காலமா பேசிக்கலாமே."

நுரை அடித்த ஸ்பூனோடு குறுக்கே வந்த அப்பாவை ஒரு கையால் தள்ளி நிறுத்திவிட்டு, மறு கையால் போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் எடுத்த சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன். நீ கோபப்படக் கூடாது."

"நீ அப்புறமா சொல்லுடி. முதல்ல உங்கப்பாவை விடு, காபியைக் கொண்டுவந்து குடுக்கட்டும், ஆறிப் போகுது," என்றது அம்மாவின் குரல், போனிலிருந்தும், சாத்தியிருந்த படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும்.