முந்நூறு மில்லிஆம்ப்

ஏரல் ஊர்ல ஜெமிமா வீட்டு கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்கு வருசாவருசம் பேட்டரி விளக்கு கட்டுதது அவ வீட்டுக்காரர் ஹெப்ரான்தான். ஈயம் ஒட்டுத சால்டரிங் கம்பி சுட்டு அவர் கட்டைவிரல்ல ஒரு தழும்பே உண்டு. கரண்டு போனாலும் அந்தத் தெருவுல அது மட்டும் எரியும். ஆனா மனுசன் கஞ்சம். பேட்டரி தீந்துரும்னு எல்இடிக்கு இருநூறு மில்லிஆம்ப் கரண்டுக்கு மேல விடமாட்டாரு. இந்த ஆடியில தவறிட்டாரு.

இப்பம் ஜெமிமாவே உக்காந்து ஈயம் வச்சு ஒட்டி விளக்கக் கட்டிட்டா. ஆத்துப் பாலத்துல இருந்தே தெரியணும்னு ஆச. மீட்டரப் பாத்துக்கிட்டே கரண்டக் கூட்டிக் கொறைக்க சின்னத் திருகாணியப் பையத் திருப்பி முந்நூறுல நிறுத்தினா. அசையாம இருக்க மேல நகப்பூச்சு பூசினா.

காலையில மீட்டர் இருநூறு காட்டுது. பூச்சுல ஒரு கீறல் இல்ல. சொரண்டிட்டு திரும்பவும் முந்நூறு வச்சா. மறுநாளும் இருநூறு.

நாத்தனார் இன்பமணி சிரிக்கா. "மைனி, எங்கண்ணன் போயும் கஞ்சத்தனத்த விடல, பாத்தியளா."

ஜெமிமாவுக்கு ரோசம் வந்துட்டு. அவர் உக்காருத நாற்காலியப் பாத்து, "இந்தாங்க, இது நான் கட்டுன விளக்கு. எம்புட்டு வெளிச்சம்னு நாந்தான் சொல்லுவேன்"ன்னா. முந்நூறு வச்சு, தாராளமா பூசிட்டு, உலை வைக்கப் போயிட்டா.

சாயங்காலம் இன்பமணி பாலத்துல நின்னு போன் போட்டா. "மைனி, இங்கன வரைக்கும் தெரியுது. எல்லாரும் கேக்காவ, யாரு கட்டுனதுன்னு."

"நாந்தான்னு சொல்லு"ன்னா ஜெமிமா.

போன வச்சிட்டு மீட்டரப் பாத்தா, முந்நூறு. காஞ்ச பூச்சு மேல ஒரு கட்டைவிரல் ரேகை பதிஞ்சிருக்கு. அவ விரல விடப் பெருசு. நடுவுல, சால்டரிங் கம்பி சுட்ட பழைய தழும்பு.