ஏரிக்கரை இருட்டு

நட்சத்திரங்களைப் படமெடுக்க மொட்டை மாடியில் கேமராவை எங்கே வைத்தாலும், ஏரிக்கரை ஹைமாஸ் விளக்கு வானத்தை வெளுத்துப்போகச் செய்தது. அதை அணைக்கச் சொல்லித் திண்டிவனம் பக்கத்திலிருக்கும் தன் ஊரின் ஊராட்சித் தலைவரிடம் ஓராண்டாகக் கெஞ்சினாள் புனிதா. ஒருவழியாக அணைத்துவிட்டார்.

“ரொம்ப நன்றிங்கண்ணா!” லட்டு டப்பாவை நீட்டினாள்.

“நம்ம ஊர்ப் பொண்ணு நடையா நடந்துக்கினு இருக்கிற, செய்யாம இருப்பனா?”

அன்று இரவு ஓரியன் நட்சத்திரக் கூட்டம் மொத்தமும் படத்தில் விழுந்தது. பூரித்துப்போய்ப் பெரிதாக்கினாள். கீழே, இருண்ட ஏரிக்குள் நீளநீளமாய்ச் சிவப்புக் கோடுகள். மண் அள்ளிப்போகும் லாரிகளின் பின்விளக்குகள்!

விடிந்ததும் தலைவரிடம் சொல்ல ஓடினாள். அவர் வீட்டு வாசலிலேயே, சக்கரமெல்லாம் ஏரி மண்ணோடு அந்த லாரிகள் நின்றன.

“வாம்மா, போட்டோ நல்லா வந்துச்சா?” என்றார் தலைவர். “இன்னும் எந்த லைட்டு இடைஞ்சலா இருக்குது, சொல்லு. அணைச்சிடலாம்.”