நாற்பத்தொரு மீட்டர்

“ஊரையெல்லாம் சரியா அளந்துட்டு, உன் வீட்டை மட்டும் அறுபது மீட்டர் தள்ளி வெச்சிருக்கியேம்மா” என்றார் மீட்டர்.

அலுவலகம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது. அவளுக்குக் காது சிவந்துவிட்டது.

‘மீட்டர்’ என்பது ஆய்வுக்குழுத் தலைவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

லாரிகள் ஓடும் பெரிய சாலைக்கு எத்தனை அருகில் எத்தனை பிள்ளைகளுக்கு மூச்சிழுப்பு என்பதுதான் ஆய்வு. முகவரிகளைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தபோது, அது கதவு எண்களை வைத்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு, பதினோரு பிள்ளைகளைக் குளத்துக்குள் குடிவைத்துவிட்டது.

“தண்ணிக்குள்ள இருந்தா மூச்சு இழுக்கத்தான் செய்யும்” என்று சொன்ன மீட்டர், ஒவ்வொரு வாசலிலும் நேரில் போய் நின்று கருவியில் பதிந்து வரச் சொன்னார். போனவள் அவள். தொண்ணூற்று நாலு வாசல். இரண்டு ஜோடிச் செருப்பு.

தொண்ணூற்று நாலாவது வாசல் அவளுடையது. அதை மட்டும் தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் அச்சகத்தின் மேல் வைத்திருந்தாள்.

காரணத்தை அவருடைய அறைக்குள் போய்த்தான் சொன்னாள். மகளுக்கு ஏழு வயது. மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். கீழே இருக்கும் ஹவுஸ் ஓனர், சாவி கொடுத்த அன்றே, நோயாளி இருக்கிற குடும்பம் தனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டார். மகளுக்கு இழுப்பு வந்தால், அது கீழே கேட்காதபடி இவள் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். ஓனர் அவளைச் சங்கீதப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மூச்சிழுப்புள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்த வரைபடத்தையோ அடுத்த வாரம் நகர மண்டபத்தில் எல்லோரும் பார்க்க மாட்டப்போகிறார்கள்.

“பேர் போட மாட்டீங்க, தெரியும் சார். ஆனா எங்க கூரை மேல சிவப்புப் புள்ளி வெச்சா, அப்புறம் பேர் எதுக்கு? அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவார்.”

மீட்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சாலையிலேர்ந்து உன் வாசல் எத்தனை மீட்டர்?” என்றார்.

“நாற்பத்தொண்ணு.”

“அச்சகம்?”

“நூத்தியொண்ணு.”

“நூத்தியொரு மீட்டர் தள்ளி இருக்கிற குழந்தைக்கும் வீசிங் வருது, அதனால லாரி மேல தப்பில்லைன்னு உன் புள்ளி சாட்சி சொல்லும். போய் மறுபடி அளந்துட்டு வா.”

அவள் அளந்துவிட்டு வந்தாள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மகளுக்குக் கையசைக்கக்கூட மனம் வரவில்லை.

கூட வேலை பார்ப்பவர்கள் தங்கள் பங்குக்குப் பொருமினார்கள். மீட்டரோ அவள் தெரு வளைந்து திரும்பும் மறுகோடியில், நாலு அறை நிறையப் புத்தகத்தோடு தனியாகக் குடியிருக்கும் மனிதர். பிள்ளை பெற்றவள் படும் பாடு அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்றார்கள்.

கண்காட்சி நாள். அவள் மண்டபத்துக்குள் நுழையும்போதே ஹவுஸ் ஓனர் வரைபடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. விரல் அவர்கள் தெருவில் கூரை கூரையாக நடந்து வந்து, அவர்கள் வீட்டின் மேல் நின்றது.

அவள் மனதுக்குள் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

“இங்க வாம்மா” என்றார் ஓனர்.

போனாள்.

“நம்ம வீடு எவ்வளவு சுத்தமா இருக்கு பார். ஒரு புள்ளி கிடையாது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். விரல் தெருவின் மறுகோடிக்குப் போனது. “உங்க சாரைத் தனிக்கட்டைன்னு ஊரே நம்பிட்டிருக்கு. அவர் வீட்டு மேல நாலு புள்ளி.”

அவள் எண்ணிப் பார்த்தாள். நாலுதான். மற்ற புள்ளிகளெல்லாம் கிடங்குகள், பூட்டிய கடைகள், தண்ணீர்த் தொட்டி என்று மனிதர் வாழாத இடங்களில் இருந்தன. வரைபடத்தின் அடியில், கண்ணாடியை நெற்றியில் வைத்திருப்பவர்கள் படிக்க முடியாத பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘புள்ளிகள் இடம் மாற்றப்பட்டுள்ளன. சாலையிலிருந்து உள்ள தூரம் மாற்றப்படவில்லை.’

அவள் மீட்டரைத் தேடிப் போனாள். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

“கணக்குக்குப் போனது நீ அளந்த புள்ளிதான். சுவருக்கு வந்ததுதான் வேற. உன்னை மாதிரியே, அதே நாற்பத்தொரு மீட்டர்ல இருக்கிற இன்னும் மூணு வீட்டுலயும் பயந்தாங்க. அந்தத் தூரத்துல காலிக் கட்டடம் கிடைக்கலை. என் வீடு நாற்பத்தொரு மீட்டர். சந்தேகமா இருந்தா அளந்து பாரு.”

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

மாலையில், அந்தக் கணக்கைப் பார்த்த நகர மன்றம் லாரிகளை ஊருக்கு வெளியே திருப்பிவிடத் தீர்மானம் போட்டது. மண்டபத்தில் கைதட்டல் அடங்கியதும் ஹவுஸ் ஓனர் மீட்டரிடம் வந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டு, மிகுந்த பரிவோடு கேட்டார்.

“பிள்ளைங்க எப்படி இருக்காங்க, சார்?”

ஒரு மீட்டர் தப்பையும் பொறுக்காத மனிதர் கண் இமைக்காமல் சொன்னார்:

“நாலும் சௌக்கியம். இனிமேதான் லாரி வேற வழியா போகப்போகுதே.”