நத்தையக்கா ஏறிய ரயில்

ஒரு தோட்டத்தில் அணிலும் கீரியும் எதிரெதிரே பொம்மை ரயில் கம்பெனி நடத்தின.

"எங்கள் புதிய ரயில் புகை விடும்! விரைவில் வருகிறது!" என்று கொட்டாங்கச்சி மேல் ஏறி அறிவித்தது அணில்.

"எங்கள் ரயில் புகையும் விடும், கூவவும் கூவும்! மிக விரைவில்!" என்றது கீரி.

இப்படியே மழைக்காலம் முடிந்தது. இரண்டு பட்டறைக் கதவும் திறக்கவில்லை.

நத்தைதான் பாவம். "நாளைக்குக் கிணத்தடியில என் தங்கச்சி கல்யாணம். ரயிலை நம்பி உட்கார்ந்துட்டேன். இனி நடந்தா, அவ பிள்ளைக்குப் பேர் வைக்கத்தான் போய்ச் சேருவேன்!" என்று மைனாவிடம் அழுதது.

"அழாதீங்கக்கா" என்ற மைனா, வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கீரியின் கரகரத்த குரலில் கத்தியது. "எங்கள் ரயில் நாளைக் காலை கிளம்பும்! நத்தைக்கு டிக்கெட் இலவசம்!"

அணிலுக்கு வால் சிலிர்த்தது. "நாளைக்கா? எங்கள் ரயில் இன்றைக்கே!" என்று வண்டியை வெளியே தள்ளியது.

'நான் எப்போது சொன்னேன்?' என்று கீரி விழித்தது. ஆனாலும் விடுமா? "எங்கள் ரயில் இப்போதே!" என்று தன் வண்டியை இழுத்து வந்தது.

"இதுல ஏறுங்கக்கா!" என்றது அணில்.

"அக்கா, அது ஓட்டை வண்டி, இங்க வாங்க!" என்றது கீரி.

நத்தை இரண்டையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, கீரியின் வண்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்தது. கூவும் என்ற ரயில் கூவவில்லை. கூரைமேல் உட்கார்ந்து மைனாதான் கூவியது.

பாதி வழியில், மாலையும் கழுத்துமாக ஊர்ந்துகொண்டிருந்தது மாப்பிள்ளை நத்தை.

நத்தையக்கா ஜன்னல் வழியே கொம்பை நீட்டியது. "மாப்பிள்ளே, மெதுவா வாங்க! நான் முன்னாடி போய் இலை போடச் சொல்றேன்!"