அந்த ஒரு நிமிடச் சத்தம்

படப்பிடிப்பு முடிந்ததும் யாரும் அசையாமல் நின்று, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்ய வேண்டும். சென்னையில் சினிமா படிக்கும் தமயந்திக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்த வழக்கம் அது.

நீலகிரியில் அவள் சொந்த ஊரான கட்டபெட்டுப் பக்கம், தேயிலை விலை விழுந்ததில் மூடிக்கிடந்த ஃபேக்டரியைப் படமெடுத்தபோதும் அவள் அப்படியே செய்தாள். மிஷின்களில் சிலந்தி வலை கட்டியிருந்தது. கரண்ட்டை என்றோ வெட்டியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து, பதிவுசெய்த கேசட்டைப் போட்டாள். அதில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் சங்கு ஊதியது.

அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் அப்பா. அது மூடியதிலிருந்து சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தவர், எழுந்து காக்கிச் சட்டையை மாட்டினார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"ஷிப்ட்டுக்கு நேரமாச்சு புள்ள. அதை நிறுத்திராதீங்க."

அம்மா கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டாள். சாயங்காலம் அப்பா சீட்டியடித்துக்கொண்டே வந்தார். உள்ளங்கையெல்லாம் பச்சைக் கொழுந்தின் ஈரக் கறை.

தமயந்தியின் படத்தில் ஃபேக்டரி வரும் இடத்தில் மட்டும் சத்தமே இல்லை. வாத்தியார் கோபமாகக் காரணம் கேட்டார்.

"கேசட் வீட்டுக்கு வேணுங்க சார். அப்பா வேலைக்குப் போறாருங்க."